வெங்காயத் தறையில் ஒரு டெனிஸ் கோர்ட்

என் கணவர் கலியாணமாகி எங்கள் இணுவில் வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்தவை ஒரு தகரப் பெட்டி, சில பௌதிகப் புத்தகங்கள், மரச்சட்டத்துக்குள் வைத்துத் திருகி இறுக்கிய ஒரு டெனிஸ் மட்டை. வீடு, கிணறு, கிணற்றுக்குப் பின்னால் கிடந்த மூன்று பரப்பு அளவான தோட்டத்தறை, அதாவது பயிர் வைக்கும் நிலம், எல்லாம் என் சீதனம். எங்கள் பகுதியில் வழக்கம் அப்படித்தான். பெண்ணுக்கு வீட்டையும் காணியையும் எழுதிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். எங்கள் தேசவழமைச் சட்டப்படி காணி பெண்ணுடையது, ஆனால் அவள் அதை விற்கப் போனால் கணவன் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியவன் கட்டாயம் யாரோ ஒருத்திக்குக் கணவனாக இருந்திருப்பான்.

இவர் பட்டினத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகம் படிப்பித்தார். நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். பட்டினத்தில் உத்தியோகத்தர்களுக்கு ஒரு கிளப் இருந்தது. டொக்டர்மாரும் கோடேறி வாதாடும் அப்புக்காத்துமாரும் பின்னேரங்களில் வெள்ளைக் காற்சட்டையோடு அங்கே டெனிஸ் விளையாடுவார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு இவர் ரியூஷன் கொடுத்ததால் வாத்தியார்களுக்குள் இவருக்கு மட்டும் அங்கே இடம் கிடைத்திருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கிளப் வெளியூர்க் கிளப் ஒன்றோடு மோதும். அந்த அணியில் கடைசி ஆளாகவாவது போவதுதான் இவருடைய உயிர். சம்பளம் கூடிய நாளில்கூட இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

விளையாட்டு மோசமில்லை. ஆனால் சேர்விஸ், அதாவது பந்தை மேலே எறிந்து அடிக்கும் முதல் அடி, மகா மோசம். வெற்றிலைத் தட்டம் நீட்டுவதுபோல நீட்டுவார். எதிரில் நிற்பவர் ஆற அமர எடுத்துக்கொண்டு போவார். முன்னர் கிளப்பில் எல்லோருமே கிழவர்களாக இருந்ததால் அதை வைத்தே சமாளித்துக்கொண்டு வந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் காங்கேசன்துறைப் பக்கம் வேலைக்கு வந்த இளம் என்ஜினியர் ஒருவர் கிளப்பில் சேர்ந்தார். அவருடைய சேர்விஸ் வலையைத் தாண்டுவதைக் கண்ணால் காணமுடியாது என்றார்கள். அன்றிலிருந்து இவருக்கு நித்திரை இல்லை. விஞ்ஞானத்தால் அவனை வெல்லுவேன் என்று கிளம்பினார்.

எனக்கு அந்த வருடங்கள் வேறு மாதிரி நினைவிருக்கின்றன. அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான்களை நிறுத்திவிட்டது. துணியில்லை, பால்மாவில்லை, பாணுக்கு வரிசை. ஆனால் வெங்காயமும் மிளகாயும் வெளியிலிருந்து வராதபடியால் எங்கள் செம்மண்ணுக்கு யோகம் அடித்தது. பக்கத்துக் காணிக்காரர் ஒரு போகத்தில் கிடுகுக் கூரையை ஓடாக்கினார், அடுத்த போகத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் வாங்கினார். என் அண்ணை, தறையைத் தானே செய்து தருகிறேன் என்று விதை வெங்காயம்கூடக் கட்டித் தூக்கி வைத்திருந்தார். அந்த வெங்காயம் அடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் இவர் டெனிஸ் கோர்ட் போடவென்று தறையில் கயிறு பிடித்து அளக்கத் தொடங்கினார்.

புற்றுமண் வந்து இறங்கியது. தண்ணீர் ஊற்றி, கல்லுருளை உருட்டி, தறையை அறைந்து இறுக்கினார்கள். புழுதி எழும்பாமல் இருக்க மேலே சாணி மெழுக வேண்டும் என்றார். மெழுகினது நான். என் தறையின் மேல் சாணியைப் பூசிக்கொண்டு குந்தியிருந்தபோது இவர் பக்கத்தில் நின்று, ஒரு வருடம் மட்டும் பொறுத்துக்கொள்ளும், சேர்விஸ் சரிவந்ததும் வெங்காயம் வைக்கலாம் என்று சொன்னார். ஒரு வருடம் என்பது இவர் அகராதியில் எவ்வளவு நீளம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இவர் சொன்ன விஞ்ஞானத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சேர்விஸை ஓங்கி நேராக அடித்தால் கோட்டைத் தாண்டிப் போய்விடும். மெதுவாக அடித்தால் எதிராளி கொன்றுவிடுவான். நடுவில் உள்ள ஒரே வழி சுழல். சாப்பாட்டு நேரத்தில் ஒரு தேசிக்காயைக் கையில் எடுத்து விளங்கப்படுத்துவார். பந்தின் முதுகைக் கீழிருந்து மேலாக மட்டையால் உரசி இழுத்தால் அது முன்னோக்கி உருண்டபடியே பறக்கும். பந்தின் மேலுள்ள கம்பளி மயிர் காற்றையும் தன்னோடு இழுத்துச் சுற்றும். மேற்பக்கத்தில் அந்தக் காற்று எதிர்க்காற்றோடு முட்டித் தயங்கும், கீழ்ப்பக்கத்தில் அதனோடு சேர்ந்து விரையும். தயங்கும் இடத்தில் அழுத்தம் கூட, விரையும் இடத்தில் குறைவு. ஆகவே பந்தைக் காற்றே மேலிருந்து அமத்தும். வலைக்கு மேலே உயரப் போன பந்து திடீரென்று தலைகுனிந்து, எதிர்ப்பக்கத்தில் சேர்விஸுக்கென்று கோடு போட்ட பெட்டிக்குள் விழும், விழுந்த வேகத்தில் சீறி எழும்பி எதிராளியின் தோளுக்கு வரும். மட்டையைச் சற்றுச் சரித்து உரசினால் எழும்பும்போது பக்கவாட்டிலும் திரும்பும். இதையெல்லாம் அழகாகத்தான் சொல்லுவார். விளங்கப்படுத்தாத நேரங்களில்தான் அந்த மனிதரைத் தாங்க முடியாது.

விஞ்ஞானம் இருந்தது, பந்து இல்லை. பால்மாவே வராத நாட்டுக்குள் டெனிஸ் பந்து எங்கிருந்து வரும்? கிளப்பில் அடித்து அடித்து மயிர் முழுக்க உதிர்ந்த மொட்டைப் பந்துகளைத்தான் ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்தார். மயிர் இல்லாத பந்துக்குக் காற்று சரியாக அகப்படாது. குனிய வேண்டிய இடத்தில் குனியாமல் நீட்டி நிமிர்ந்து போய் வேலிக்கு அப்பால் விழும். பக்கத்து வீட்டுக்காரர் வெங்காயத்துக்குள் கிடந்த பந்துகளை எடுத்து வேலிக்கு மேலால் எறிந்துகொண்டே, மாஸ்டர் உங்கடை தறையிலை என்ன விளையுது என்று கேட்பார். நான் வீட்டுக்குள் இருந்து பல்லைக் கடிப்பேன்.

ஆவி பட்டால் கம்பளி மயிர் நிமிரும் என்று எங்கேயோ யோசித்து எடுத்தார். ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது குசினியில் றப்பர் நாற்றம். நான் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, பனையோலையில் கூம்பாகப் பின்னியது, அதற்குள் பந்துகளை அடுக்கிப் பானையில் ஏற்றி அவித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு பக்தி. மயிர் நிமிர்ந்ததோ இல்லையோ, பசை இளகித் தோல் கழன்றது. பாதிப் பந்துகள் உரித்த முட்டைபோல வெறும் றப்பராக வெளியே வந்தன. நீத்துப்பெட்டியை எறிந்தேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் பானை நாறியது. பானை நாறுகிறது என்று சாப்பிடும்போது முகம் சுழித்தவரும் இவர்தான்.

மிஞ்சிய மொட்டைப் பந்துகளோடு பயிற்சி தொடங்கியது. பந்து என்ன செய்கிறது என்று அடிப்பவருக்குத் தெரியாது, எதிரில் நிற்பவருக்குத்தான் தெரியும். எதிரில் நிற்க ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் பிடித்தால் ஊர் சிரிக்குமாம், மனைவி நின்றால் சிரிக்காதாம். பள்ளிக்கூடத்தால் வந்து, சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு பழைய மட்டையோடு நான் நின்றேன். என் வேலை பந்தை அடிப்பதில்லை. ஒவ்வொரு பந்தும் எங்கே குனிந்தது, விழுந்த பிறகு எந்தப் பக்கம் திரும்பியது, எவ்வளவு எழும்பியது என்று உரக்கச் சொல்ல வேண்டும். வேலி ஓட்டைகளில் எப்போதும் கண்கள் இருந்தன. ஊர் சிரிக்காமல் விடவில்லை.

இரண்டாவது வருடம் இவருக்குச் சுழல் அகப்பட்டது. அது அகப்பட்ட பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பந்து வழமைபோல முழங்காலுக்கு வரும் என்று நின்றேன். அது நிலத்தில் பட்டுச் சீறி எழும்பி என் வாயில் விழுந்தது. நான் சாணித்தரையில் குந்திவிட்டேன். வாய்க்குள் இரத்தமும் கல்லுப்போல ஏதோ துண்டும். இவர் வலைவரைக்கும் ஓடிவந்தார். ஓடிவந்தார் என்பதை மறைக்கக்கூடாது.

"எந்தப் பக்கம் திரும்பினது? சொல்லும்."

இடப்பக்கம் என்று சொன்னேன். சொன்னேனே, அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம். இவர் கையைத் தட்டிக்கொண்டு சேர்விஸ் மூலைக்குத் திரும்பிப் போனார். அந்த உடைந்த முன்பல் இன்னும் அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டேன். இவரோ அயலட்டை முழுக்க, கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லி வைத்திருந்தார். இவருடைய செத்தவீட்டில் ஒருவர் எழும்பி, மாஸ்டர் ஒரு எறும்பைக்கூட நோகடிக்காதவர் என்று பேசினார். உண்மைதான். எறும்புகளுக்கு இவர் ஒன்றும் செய்யவில்லை.

சுழல் அகப்பட்டாலும் பந்து மொட்டைதானே. அதைப் பெட்டிக்குள் இறக்க இவர் மட்டையை மிகப் பலமாக உரசவும், வலையின் மேல்நாடாவை ஒட்டித் தாழக் குறிவைக்கவும் கையைப் பழக்கினார். இடுப்பை முறுக்கி, முதுகை வளைத்து, அத்தனை உரசலையும் அந்த வழுக்கைத் தலைகளில் இறக்கினார். பத்துக்கு எட்டுப் பெட்டிக்குள் விழத் தொடங்கியது. நான் எதிரில் நின்று இடம், இடம், இடம் என்று கத்தினேன்.

மூன்றாவது வருடம் நான் பொறுமையிழந்தேன். அண்ணையைக் கூப்பிட்டு இருத்தி, இவருக்கு முன்னால் கேட்டேன். ஊர் முழுக்க வெங்காயம் விற்று நிமிர்ந்துவிட்டது, நான் சாணி மெழுகிக்கொண்டிருக்கிறேன், என் தறை எனக்கு எப்போது வரும் என்று கேட்டேன். பக்கத்துக் காணிக்காரரும் வேலியால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வருடம் அணிக்குக் கடைசி ஆளைத் தெரிவுசெய்ய இவருக்கும் என்ஜினியருக்கும் ஒரு ஆட்டம் வைப்பதாகக் கிளப்பில் முடிவாகியிருந்தது. இவருக்கு நெஞ்சு நிறைய நம்பிக்கை.

"அந்த ஆட்டத்திலை நான் தோத்தால் கோர்ட்டைக் கொத்துங்கோ. ஒரு சொல் கதைக்கமாட்டன்" என்றார்.

அண்ணை தலையாட்டினார். பக்கத்துக் காணிக்காரரும் தலையாட்டினார். நான் அன்றிரவே மனதுக்குள் பாத்தி கட்டிவிட்டேன்.

ஆட்டத்தன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உத்தியோகத்தர்களின் மனைவிமார் கதிரைகளில் இருந்தார்கள். பற்றிசும் தேத்தண்ணியும் வந்தன. என்ஜினியர் ஒரு தகரப்பேணியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். வடகரையில் யாரோ வள்ளத்தில் இந்தியாவிலிருந்து சேலைகளோடு கள்ளமாகக் கொண்டுவந்ததாம். மூடியைத் திறந்தபோது உஸ் என்று காற்று வந்தது. புதுப் பந்துகள். எல்லாரும் ஓடிப்போய் முகர்ந்து பார்த்தார்கள். இவர் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்து உரசினார். எத்தனை வருடம் ஏங்கியிருப்பார். புதுப் பந்து மட்டும் இருந்தால் காட்டுவேன் என்று எனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்.

முதல் சேர்விஸ் வலைக்குள் போனது. இரண்டாவதும் வலை. அடுத்த புள்ளியிலும் அப்படியே. பந்து வலைக்கு முன்னாலேயே தலையைக் குனிந்துகொண்டு நாடாவில் போய் முட்டியது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. புதுப் பந்தில் மயிர் அடர்த்தி, காற்று அள்ளி அகப்படுகிறது. மொட்டைப் பந்துக்குப் பழகிய அதே உரசல், அதே தாழ்ந்த குறி. இவருடைய கை போட்ட சுழல் இந்தப் பந்துக்கு மிக அதிகம். செய்ய வேண்டியது ஒன்றுதான். வலைக்கு மேலே இன்னும் இரண்டு முழம் உயர்த்திக் குறிவைக்க வேண்டும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். ஊருக்கே சுழல் படிப்பித்த மனிதருக்கு இது தெரியவில்லை. பதற்றம் வந்தால் எல்லா வாத்தியாரும் மக்குப் பிள்ளைதான்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தறை என் கைக்கு வந்துவிடும். அதை நான் நன்றாக அறிவேன். ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒரு கணக்குப் பிழையாகப் போய்க்கொண்டிருந்தால் சும்மா இருக்க எனக்கு ஏலாது. அது என் வியாதி. இவர்மேல் இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பக்கம் மாறுவதற்காக இவர் எங்கள் கதிரைகளைத் தாண்டியபோது சொன்னேன்.

"உயர்த்தி அடியுங்கோ. புதுப் பந்து, கெதியாய்க் குனியுது."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. ஒரு டொக்டர் சிரித்தார். என்ஜினியர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாஸ்டருக்கு வீட்டிலேயே ரியூஷன் நடக்கிறது போல என்றார். இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேசாமல் இரும் என்று நிலத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தடவை இவருடைய சேர்விஸ் வந்தபோது பந்தை எறிவதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினார். பிறகு உயர்த்தி அடித்தார். அதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன். பந்து வலைக்கு மேலே வெகு உயரத்தில் போனது. வெளியே போகிறது என்று என்ஜினியர் மட்டையைத் தாழ்த்திவிட்டார். அது நடுவழியில் குனிந்து, பெட்டியின் மூலையில் விழுந்து, துள்ளி, அவருடைய இடத்தோளுக்கு மேலால் பாய்ந்து பின்வேலியில் அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அந்த அழகுக்காகத்தானே என் பல்லும் தறையும் போயின.

அப்போது பின்னால் இருந்து யாரோ பலத்துச் சொன்னார்.

"அது ரீச்சரின்ரை சேர்விஸ்."

கிளப் முழுக்கச் சிரித்தது. மனைவிமாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவர் கழுத்து சிவந்துபோனதை நான் பார்த்தேன். அடுத்த பந்தைத் தாழ அடித்தார். வலை. அதற்கு அடுத்ததையும் தாழ அடித்தார். வலை. உயர்த்தினால் உள்ளே விழும் என்று இப்போது இவருக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்துகொண்டே, ஒவ்வொரு சேர்விஸையும் நாடாவுக்குக் கீழே அடித்து, அணியையும் ஆட்டத்தையும் என்ஜினியர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். பெண்சாதி சொன்னதைக் கேட்டு வென்றான் என்ற பெயரைவிடத் தோற்றுப்போவது இவருக்கு மேலாகத் தெரிந்தது. நான் அந்தக் கதிரையில் இருந்து கடைசிப் பந்துவரைக்கும் பார்த்தேன்.

அடுத்த நாள் அண்ணை வந்தார். தறையைப் பற்றிக் கதைக்கத்தான் வந்தார், இவர் முந்திக்கொண்டார். ஆட்டத்தின் நடுவில் மனிசி சத்தம் போட்டால் யாரால் விளையாட முடியும், கவனம் முழுக்கக் குழம்பிவிட்டது, அந்த ஆட்டம் கணக்கில்லை, அடுத்த வருடம் புதுப் பந்து வாங்கிப் பழகுவேன் என்று சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் அண்ணையைப் பார்த்தேன். சின்ன வயதில் எனக்காக ஊரோடு சண்டை பிடித்த அண்ணை, கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஓம், நீ வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஆம்பிளையள் விளையாடேக்கை உனக்கென்ன கதை?"

இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்ததும் நான்தான். இவர் தம்ளரை வைத்துவிட்டு, சாணி காய்ந்து வெடித்திருக்கிறது, இந்தக் கிழமை ஒருக்கால் மெழுகிவிடும் என்று என்னிடம் சொன்னார். விற்பதற்குத்தானே கையெழுத்து வேண்டும், கொத்துவதற்கு என்னத்துக்கு என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இத்தனை வருடமும் அதை யோசிக்காத என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

அன்று பின்னேரமே போய்த் தோட்டம் கொத்துகிறவர்களுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். இரவு இவர் நித்திரையானதும் கிணற்றிலிருந்து தண்ணீர் திருப்பிக் கோர்ட்டில் நிற்கவிட்டேன், இல்லாவிட்டால் அந்த இறுகலில் மண்வெட்டி இறங்காது. விடிய அவர்கள் மண்வெட்டிகளோடு வந்து நின்றார்கள். நான் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் தலைமுடியைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தேன். சத்தம் கேட்டு இவரும் வந்தார். பாதி முகத்தில் சவர்க்கார நுரை. வலைக் கம்புகளை நான் ஏற்கெனவே பிடுங்கிச் சுவரோடு சாத்தியிருந்தேன். இவர் கத்தவில்லை. கத்துவார் என்று நினைத்துச் சொல்லெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் தேவைப்படவில்லை. ஈரத் தறையின் விளிம்புவரைக்கும் நடந்து வந்தார். பிறகு, கொத்துகிறவர்களுக்குக் கேட்காதபடி, கலியாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்.

"அந்த மூலையை மட்டும் விடச் சொல்லும். நான் நிண்டு சேர்விஸ் போடுற இடம். ஒரு ஆள் நிக்கிற அளவு போதும்."

நான் இவரைப் பார்த்தேன். பிறகு கொத்துகிறவர்களில் மூத்தவரிடம் திரும்பினேன்.

"அந்த மூலையிலையிருந்தே தொடங்குங்கோ" என்றேன்.

முதல் கொத்து இறங்கும்வரைக்கும் நின்றேன். பிறகு பள்ளிக்கூடத்துக்குச் சேலை மாற்ற உள்ளே போனேன்.